பால் காய்ச்சிப் புறப்பட்ட வண்டி

அச்சத்தை இறைவன் திருவடியில் இறக்கி வைத்தவர்களின் பாடல்களை நான் இளமை முதல் ஓதி வருகிறேன். விடியலில் நீராடி, நீறு பூசி, ஒரு பதிகமாவது பாடாமல் வாயில் தண்ணீர் விட்டதில்லை. பாடும்போது குரல் தழுதழுக்கும், கண் பனிக்கும். ஆனால் பாடி முடித்து எழுந்ததும், இறக்கி வைத்ததாக நினைத்த சுமையை நானே மறுபடி தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வருவேன். என் மனைவிக்கு இதயத்தில் அறுவை நடந்த பிறகு அந்தச் சுமையை இறக்கி வைப்பதுபோல் பாவனை செய்வதைக்கூட விட்டுவிட்டேன்.

சேலத்து மருத்துவமனையிலிருந்து அவளை அழைத்து வந்த நாள் முதல், பென்னாகரத்திலிருந்து ஏரியூர் போகும் சாலையோரம் இருக்கும் எங்கள் வீட்டில் காற்றுகூட அனுமதி கேட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று என் மகன் கேலி செய்வான். அவள் இருமினால் நான் எழுந்து உட்காருவேன். அவள் இருமாமல் உறங்கினால் அதைவிட அஞ்சி, குனிந்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். சந்தைக்குப் போகக்கூடாது, படியேறக்கூடாது, துக்க வீட்டுக்குப் போகக்கூடாது, திருமண வீட்டின் மேளச் சத்தம் ஆகாது. மருத்துவர் சொன்னது சிறிது. நான் சேர்த்துக்கொண்டது மிகுதி. இந்த மனுசன் என்னைப் பொட்டியில் வைத்துப் பூட்டவில்லை, அவ்வளவுதான் என்று அவள் அக்கம்பக்கத்தாரிடம் சொல்லிச் சிரித்ததாகக் கேள்விப்பட்டேன். சிரிப்பில் எத்தனை பங்கு சிரிப்பு என்பது எனக்குத் தெரியும்.

அவள் கேட்டது ஒன்றுதான். செந்தூர்க் கடலில் கால் நனைக்க வேண்டும். அலை வந்து மோதும் கரையில் வேலேந்தி நிற்கும் அப்பெருமானை நானும்தான் காண ஏங்கினேன். ஆனால் தருமபுரிச் சீமையிலிருந்து தென்கோடிக்கு, கத்திரி வெயிலில், நெஞ்சில் தையல் போட்ட ஒருத்தியை அழைத்துப்போவதா? பேருந்தில் நெடுநேரம் உட்கார்ந்தால் அவளுக்குக் கால் வீங்கும். காரில் கால் நீட்ட இயலாது. வழியில் கழிப்பிடம் தேடி அலைய முடியாது. இந்தத் தடைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி, அவள் ஆசையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். தடைகள் எனக்குத் துணையாக நின்றன என்பதே உண்மை.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன், மனைவி மகளோடு கோடை விடுமுறைக்கு வந்தவன், அந்தத் துணையைப் பறித்துவிட்டான். கேரவன் என்று ஒரு வண்டி வாடகைக்குக் கிடைக்கிறதாம். உள்ளே படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை எல்லாம் உண்டு. அம்மா படுத்துக்கொண்டே வரலாம், நானே ஓட்டுகிறேன் என்றான். மருத்துவரிடமும் பேசியிருந்தான். தாராளமாகப் போகலாம், மாத்திரையை மட்டும் மறக்க வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டாராம். நான் எதைச் சொல்லி மறுப்பது? அன்றிரவு என் மனைவி துணிகளைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினாள். அந்தப் பெட்டியில் அவள் வைத்த ஒவ்வொரு புடவையும் திரும்பி வருமா என்ற ஒரே கேள்விதான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

புறப்படும் நாள் காலையில் வண்டி எங்கள் வாசலில் வந்து நின்றபோது தெருவே கூடிவிட்டது. வெள்ளை நிறம், சிறிய பேருந்தின் உடல், பக்கவாட்டில் ஒரு கதவு, மடக்குப் படி. முன்னால் ஓட்டுநர் இருக்கையோடு மூவர் அமரலாம். அதற்குப் பின்னால் ஒரு தள்ளு கண்ணாடிக் கதவு. அதைத் தாண்டினால் அந்தச் சிறு வீடு. கீழே ஒரு படுக்கை, மேலே ஒரு படுக்கை, ஓரத்தில் மூடி போட்ட ஒற்றை அடுப்பு, அடுப்பின் கீழ்ப்பெட்டியில் ஒரு சின்ன சிலிண்டர். அடுத்த வீட்டு அம்மாள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, கழிப்பறைக் கதவைத் திறந்து மூடினாள்.

"ஏங்க, படுக்கற எடத்துலருந்து ஒரு மொழத்துல கக்கூசு. இதுக்கும் மஞ்சக் குங்குமம் வெச்சிக் கும்பிட்டாச்சுங்களா?" என்று என்னைக் கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவிதான் அதிகம் சிரித்தாள். சிரிக்கும்போது இடக்கையால் நெஞ்சை அழுத்திப் பிடித்துக்கொள்வது அறுவைக்குப் பின் வந்த பழக்கம். அந்தக் கையையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தூபக்காலில் சாம்பிராணி போட்டு வண்டியின் மூலை முடுக்கெல்லாம் காட்டினேன். எலுமிச்சையும் பூசணியும் தயாராக இருந்தன. அப்போதுதான் என் மனைவி, படியில் ஏறாமல் நின்றபடி, பால் எங்கே என்று கேட்டாள். எதற்கு என்றான் மகன்.

"அடுப்பு இருக்குது, படுக்கை இருக்குது, தண்ணி இருக்குது. போய் வர்ற மட்டும் இதுதானே நமக்கு வூடு? பால் காய்ச்சாத வூட்ல நான் எப்பிடிப் படுக்கறது?"

மகன் என்னைப் பார்த்தான். குடிபுகும் இல்லத்தில் முதல் நெருப்பு பாலுக்கே உரியது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. வண்டியை வீடென்று ஒப்புக்கொண்டால் மற்றதையும் ஒப்புக்கொள்ளத்தானே வேண்டும்? என் மருமகள் மறுப்பேதும் சொல்லாமல் வீட்டுக்குள் போய்ப் புதுப் பாத்திரத்தில் பால் கொண்டுவந்தாள். வண்டி நகரும் முன் சிலிண்டரின் வாயை அடைத்துவிட வேண்டும் என்று வாடகைக்கு விட்டவர் சொல்லி அனுப்பியதாக மகன் நினைவூட்டினான். காய்ச்சிவிட்டு அடைத்துவிடலாம் என்றாள் மருமகள்.

அடுப்பின் மூடியைத் தூக்கி, பாத்திரத்துக்குப் பொட்டிட்டு, என் மனைவியின் கையில் லைட்டரைக் கொடுத்தார்கள். அவளே பற்ற வைத்தாள். பால் பதமாகப் பொங்கட்டும் என்று தீயைச் சிறிதாக்கினார்கள். அந்தக் குறுகிய இடத்தில் நானும் மகனும் மருமகளும் பேத்தியும் தோளோடு தோள் இடித்து நின்று பாலையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியே ஜன்னல் வழியாகத் தெரு பார்த்துக்கொண்டிருந்தது. நுரை எழுந்தது. விளிம்புக்கு வந்தது. நாற்புறமும் வழிந்து இறங்கியது. அடுப்பு உஸ்ஸென்று சொல்லி அடங்கியது. கிழக்கே முதலில் வழிந்தது என்றாள் அடுத்த வீட்டு அம்மாள். பெண்கள் குலவையிட்டார்கள். என் மனைவி கண்களை மூடிக் கை குவித்தாள். யாரோ பாத்திரத்தை எடுத்தார்கள். யாரோ சிந்திய பாலைத் துணியால் ஒற்றினார்கள். யாரோ அடுப்பின் மூடியைச் சாத்தினார்கள். அந்தப் பாலில் ஆளுக்கு ஒரு மிடறு பருகினோம். பிறகு எல்லோரும் இறங்கி, வண்டிக்கு முன்னால் சூடம் ஏற்றிப் பூசணி சுற்றி உடைத்தோம். சக்கரங்கள் எலுமிச்சையை நசுக்கிக்கொண்டு நகர்ந்தன. நல்ல நேரம் கடந்துவிடக்கூடாது என்ற அவசரம் எல்லோருக்கும் இருந்தது.

என் மனைவி கீழ்ப்படுக்கையில் படுத்தாள். நான் அவள் கால்மாட்டில், ஜன்னலை ஒட்டிய பலகை இருக்கையில் அமர்ந்தேன். பேத்தி மேல்படுக்கையில் ஏறிக்கொண்டாள். ஏசியின் குளிர்ச்சி வெளியேறாமல் இருக்க ஜன்னல்களையும் இடைக்கதவையும் அடைத்துவிட்டார்கள். பாதையின் இருபுறமும் புளியமரங்கள் ஓடின. அவற்றுக்கு அப்பால் குச்சிக்கிழங்கு எனப்படும் மரவள்ளிக் கொல்லைகள் வெயிலில் வாடி நின்றன. அவள் தலையைத் தூக்கி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். நாங்கள் ஆயிரம் முறை கடந்த பாதைதான். ஆனால் படுத்தபடி பார்க்கும்போது மரத்தின் அடி தெரியவில்லை, தலை மட்டும் வருகிறது என்று ஒரு குழந்தையைப்போல் வியந்தாள். நான் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவள் முகத்தைப் பார்த்தேன். வண்டி குலுங்கும்போதெல்லாம் அவள் நெஞ்சுக்குள் இருக்கும் தையல் நூல்களை எண்ணினேன்.

வண்டியில் ஏதோ நாற்றம் அடிக்கிறது என்று அவள் சொன்னது இண்டூரைத் தாண்டும்போது. எனக்கு நாற்றமும் தெரியாது, மணமும் தெரியாது. பெருந்தொற்றுக் காலத்தில் வந்து போன காய்ச்சல் என் மூக்கின் உணர்வைக் கொண்டுபோய்விட்டது. அன்று முதல் சன்னதியில் கொடுக்கும் மலர் எனக்கு நிறம் மட்டும்தான். வீட்டில் அனைவரும் அறிந்த செய்தி இது. குழம்பு தீய்ந்தாலும் மாமாவிடம் பயமில்லாமல் பரிமாறலாம் என்று மருமகள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஆகவே நான் பேத்தியைக் கேட்டேன். அவள் மேலேயிருந்து மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, சாம்பிராணியும் பாலும் கலந்த வாசனை என்றாள். புது வண்டி, ரெக்சின் நாற்றம் இருக்கத்தான் செய்யும் என்று நான் முடிவு சொன்னேன். பயணத்தில் குமட்டல் வராமலிருக்க, கைக்குட்டையில் நீலகிரித் தைலம் தெளித்து மூக்கின்மேல் போட்டுக்கொள்வது என் மனைவியின் வழக்கம். அன்றும் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு நாற்றத்தைப் பற்றி அவள் பேசவில்லை.

தருமபுரியில் வண்டியை நிறுத்தாமலே பேத்தியை முன்னால் அழைத்துக்கொண்டார்கள். தொப்பூர்க் கணவாயை முன்கண்ணாடி வழியாகப் பார்க்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். இடைக்கதவு திறந்து மூடியது. அந்த வீட்டுக்குள் நானும் அவளும் மட்டும் ஆனோம்.

தேசிய நெடுஞ்சாலையில் வண்டி சீராக ஓடியது. குலுக்கல் இல்லை. அதுவே எனக்கு ஓர் ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அவள் ஜன்னலைப் பார்ப்பதை நிறுத்திவிட்டிருந்தாள். தலை வலிக்கிறது என்றாள். சற்றுப் பொறுத்து, தலை சுற்றுகிறது என்றாள். நெற்றியைத் தொட்டேன், குளிர்ந்த வியர்வை. உதடுகள் நிறம் மங்கித் தெரிந்தன. நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்டேன். வலி இல்லை, ஆனால் மூச்சு உள்ளே போனாலும் போனமாதிரி இல்லை என்றாள். குரல் குழறியது.

நான் அஞ்சிக் காத்திருந்த அந்த வேளை இதுதான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. அறுவை நடந்த நாளிலிருந்து ஒவ்வொரு இரவும் நான் ஒத்திகை பார்த்த காட்சி. இடம் மட்டும்தான் மாறியிருந்தது. நாக்கடியில் வைக்கும் மாத்திரையைத் தேடி எடுத்தேன். இரண்டு மாத்திரைகள் தரையில் உருண்டன. ஒன்றை அவள் வாயில் வைத்தேன். நெற்றியில் நீறிட்டேன். பதிகம் ஓத வாயெடுத்தேன். முதல் அடி வந்தது. இரண்டாவது அடி வரவில்லை. உறக்கத்திலும் தடுமாறாத வரிகள் அவை. என் நெஞ்சில் அவை இருந்த இடத்தில் அவளுடைய மூச்சின் ஓசை மட்டுமே இருந்தது. உயிர் தளரும் வேளையில் நீ வந்து துணை நிற்க வேண்டும் என்று உடல் நலத்தோடு இருக்கும்போதே அடியார்கள் ஏன் வேண்டிக்கொண்டார்கள் என்பது அன்று விளங்கியது. அந்த வேளையில் வேண்டிக்கொள்ளச் சொல் கிடைப்பதில்லை.

எனக்கும் தலை கனத்தது. அதை அச்சத்தின் கனம் என்றே எண்ணினேன்.

சொல் இல்லாவிட்டால் சுடராவது காட்டுவோம் என்று நினைத்தேன். அடுப்புக்கு மேலிருந்த அலமாரிக் கதவில் என் மனைவி காலையில் ஒட்டி வைத்த முருகன் படம் இருந்தது. என் பையில் செந்தூர்ச் சன்னதிக்கென்று எடுத்து வந்த சூடமும் சிறு பித்தளைத் தட்டும் தீப்பெட்டியும் இருந்தன. தட்டில் சூடத்தை வைத்தேன். இவளை எனக்குத் திருப்பிக் கொடுத்துவிடு, அடுத்த சாலையிலேயே வண்டியைத் திருப்பி வீட்டுக்கு அழைத்துப் போய்விடுகிறேன், இனி வாசல் தாண்டவிட மாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன். குச்சியை எடுத்துப் பெட்டியின் மருந்தில் வைத்தேன்.

"பொகை வேண்டாங்க," என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே. "சாமிக்கு அப்பறம் காட்டிக்கலாம். எனக்குக் காத்து வேணும். கதவத் தெறந்து உடச் சொல்லுங்க."

அவள் எதையும் அறிந்து அதைச் சொல்லவில்லை. காலையில் போட்ட சாம்பிராணியே அவளுக்குத் தாங்கவில்லை, அதனால் சொன்னாள். நான் எழுந்து, குச்சியும் பெட்டியும் கையிலிருக்க, இடைக்கண்ணாடியை முட்டியால் தட்டினேன். மருமகள் திரும்பிப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தவள் மகனிடம் ஏதோ சொன்னாள். கணவாயின் இறக்கம் தொடங்கும் முன்பாகவே, சாலையோரம் அகன்ற இடத்தில் வண்டி நின்றது.

பக்கக் கதவை வெளியிலிருந்து திறந்தவள் மருமகள்தான். ஒரு காலைப் படியில் வைத்தவள் மறுகாலை எடுக்கவில்லை. அவள் முகத்தில் நான் முன்பு ஒருபோதும் காணாத ஒரு மாற்றம் வந்தது. கூச்சலிடுவாள் என்று எதிர்பார்த்தேன். உறங்கும் குழந்தையை எழுப்பிவிடக்கூடாது என்று பேசுபவள்போல் பேசினாள்.

"மாமா, கையில இருக்கறத அப்பிடியே கீழ வெச்சிடுங்க. சுவிச்சு எதையும் தொடாதீங்க. கேஸ் வாசனை வருது. மெதுவா எறங்குங்க."

நான் குச்சியையும் தீப்பெட்டியையும் படுக்கையின்மேல் வைத்தேன். வைத்துவிட்டேன் என்று அறிவுக்குத் தெரிந்தும், வெறுங்கையின் விரல்கள் மடங்கியே இருந்தன. அவள் முன்பக்கம் திரும்பி, வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்ய வேண்டாம், பிள்ளையைத் தூரமாக அழைத்துப் போங்கள் என்று கணவனிடம் சொன்னாள். பேத்தியைச் சாலைச் சரிவில் இருந்த புளியமரத்தடியில் விட்டுவிட்டு அவன் ஓடி வந்தான். இருவருமாகப் போர்வையோடு சேர்த்து என் மனைவியைத் தூக்கினார்கள். நான் அவள் தலையைத் தாங்கிக்கொண்டு பின்னே இறங்கினேன். சுமை லாரிகள் எங்களைக் கடந்து கணவாய்க்குள் இறங்கிக்கொண்டே இருந்தன. அவற்றின் காற்று புடவையைப் புரட்டியது.

அவளை மரத்தடியில் கிடத்தியதும் மருமகள் திரும்பி வண்டியை நோக்கி நடந்தாள். போகாதே என்று மகன் கையைப் பிடித்தான். அடைக்காவிட்டால் நிற்காது என்று கையை விடுவித்துக்கொண்டாள். முந்தானையால் வாயையும் மூக்கையும் பொத்தி அவள் அந்தக் கதவுக்குள் மறைந்தபோது, ஒருத்திக்காக அஞ்சிக்கொண்டிருந்த நான் இருவருக்காக அஞ்சினேன்.  அடைத்துவிட்டு வெளியே வந்தவள் எல்லாக் கதவுகளையும் ஜன்னல்களையும் அகலத் திறந்துவிட்டு, எங்கள் அருகே வந்து மண்ணில் உட்கார்ந்தாள். 

மூடியின் அடியில் அடுப்பின் திருகு திறந்தபடியே இருந்ததாம். சிலிண்டரின் வாயையும் யாரும் அடைக்கவில்லை. பொங்கிய பால் தீயை அணைத்துவிட்டது. தீ இல்லை என்பதைப் பார்த்த எங்களில் ஒவ்வொருவரும், வேறொருவர் திருகை மூடிவிட்டதாக நினைத்துக்கொண்டோம். பிறகு அந்த இடத்தைத் துடைத்து மூடியும் போட்டுவிட்டோம். வீட்டிலிருந்து இதுவரை அது கசிந்துகொண்டே வந்திருக்கிறது. காற்றைவிடக் கனமானதால் தரையை ஒட்டித் தேங்கி, கீழ்ப்படுக்கையில் கிடந்தவளை முதலில் சூழ்ந்திருக்கிறது. மகன் இதை விளக்கிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்திவிட்டு, சாலைத் தடுப்பில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். படுக்கைக்கு மேலே சின்ன மின்விளக்கு வழியெல்லாம் எரிந்துகொண்டு வந்ததை அவன் நினைத்திருக்க வேண்டும். நான் நினைத்தது தீக்குச்சியின் நுனியை.

பாத்திரத்தை எடுத்தது யார், துடைத்தது யார் என்ற பேச்சு மெல்ல எழுந்தது. தானே என்றாள் மருமகள். தானே என்றான் மகன். இருவரும் ஒருவரையொருவர் காப்பாற்றப் பார்த்தார்கள். என் மனைவி போர்வையில் கிடந்தபடியே கையை உயர்த்தி அதை நிறுத்தினாள்.

"எல்லாரும் பாலத்தான் பாத்தோம். அடுப்ப யாரு பாத்தா? உடுங்க."

அவள் முகத்தில் நிறம் திரும்பிக்கொண்டிருந்தது. வெயிலின் அனல்காற்றுதான் அங்கே வீசியது. ஆனால் அவள் அதை இளநீர்போல் குடித்தாள். பேத்தி அவள் அருகில் மண்டியிட்டு, எந்த ஒளிவுமின்றிக் கேட்டாள்: "ஆயா, நீங்க செத்துப் போயிருப்பீங்களா?" பெரியவர்கள் மூவரும் வேறு பக்கம் பார்த்தோம்.

"போயிருந்தா உனக்கு யாரு கடல் காட்டுவா?" என்றாள் அவள். "தண்ணி எடுத்தா."

மகன் மருத்துவரை அழைத்தான். அவர் பல கேள்விகள் கேட்டு, பேச்சு தெளிவாக இருக்கிறதா என்று அறிய அவளிடமே போனைக் கொடுக்கச் சொன்னார். பின், அருகிலுள்ள ஊரில் காட்டுங்கள் அல்லது சேலத்துக்கு என்னிடமே அழைத்து வாருங்கள், தாமதிக்க வேண்டாம் என்றார். தருமபுரி பின்னால் இருந்தது. சேலம் கணவாய்க்குக் கீழே இருந்தது. தருமபுரிக்குத் திரும்புவோம், காட்டிவிட்டு அப்படியே வீட்டுக்குப் போய்விடுவோம் என்றேன். ஆணையிடும் குரலில்தான் சொன்னேன். மகன் உடனே தலையசைத்தான். அவனுக்கும் அதுவே நிம்மதியாக இருந்தது. மருமகள் மட்டும் தன் மாமியாரின் முகத்தைப் பார்த்தாள்.

என் மனைவி எழுந்து உட்கார்ந்தாள். நெஞ்சில் கை வைத்துக்கொள்ளவில்லை.

"டாக்டர் சேலத்துல இருக்கறாரு. அங்க காட்டலாம். அவரு போகக் கூடாதுன்னா திரும்பிக்கலாம். போலாம்னா போவணும்."

அவள் என்னை நேராகப் பார்த்தாள்.

"வூட்ல உக்காந்து நீங்க பயப்படறத நான் பாத்தது போதுங்க. பயப்படறத வண்டில வந்து பயப்படுங்க. நான் கடலயாவது பாக்கறேன்."

 இறைவனிடம் நான் செய்துகொண்ட வேண்டுதலை அவளிடம் எப்படிச் சொல்வேன்? வாசல் தாண்டவிட மாட்டேன் என்று நேர்ந்துகொண்டது என் உயிரை அல்ல, அவளுடைய எஞ்சிய நாட்களை. எனக்கு உரிமையில்லாத ஒன்றை நான் காணிக்கையாக வைத்திருக்கிறேன். புளியமர நிழலில் நின்று அந்த வேண்டுதலை வாய்க்குள்ளேயே திரும்பப் பெற்றுக்கொண்டேன். அதைக் கேட்ட இறைவன் தண்டிப்பானோ என்ற புதிய அச்சமும் அதோடு வந்து சேர்ந்தது.

வண்டி முழுதும் காற்றாடிய பிறகு, மகன் சிலிண்டரைக் கழற்றி எடுத்து வந்தான். சுங்கச் சாவடிக்கருகே எங்கள் உறவுக்காரர் ஒருவர் பட்டறை வைத்திருந்தார்; அவரை வரச் சொல்லி அதை ஒப்படைத்தோம். எல்லா ஜன்னல்களையும் திறந்துவைத்துக் கணவாயில் இறங்கினோம். தொப்பூர் இறக்கத்தில் எத்தனையோ வண்டிகள் புரண்டதை நான் பார்த்திருக்கிறேன், கதைகளாகவும் கேட்டிருக்கிறேன். மகன் மிக மெதுவாக ஓட்டினான். அவன் தோள்கள் காதருகே ஏறியிருந்ததைக் கண்ணாடிக்கு இப்பாலிருந்து பார்த்தேன். வளைவுக்கு வளைவு பின்னால் வந்த லாரிகளின் ஒலிப்பான் முதுகைத் தொட்டது. நான் ஒரு கையால் அவள் தோளையும் மறுகையால் படுக்கைக் கம்பியையும் பிடித்திருந்தேன். தோளை இவ்வளவு அழுத்தினால் வலிக்கிறது என்று அவள் இருமுறை சொன்னாள்.

சேலத்தில் மருத்துவர் அவளை நெடுநேரம் சோதித்தார். எல்லாப் பரிசோதனையும் செய்து முடித்து, இதயம் நன்றாக இருக்கிறது, ரத்தத்தில் பிராணவாயுவும் குறையவில்லை, மாலைவரை இங்கேயே இருந்துவிட்டு விருப்பமானால் போகலாம் என்றார். எங்களையெல்லாம் கண்டித்தார், கண்டிக்க வேண்டியதுதான். அவர் எழும்போது என் மனைவி அவரை நிறுத்தினாள்.

"எனக்குப் பாத்தது போதுங்க சார். இவருக்குப் பாருங்க. காலையிலருந்து மூஞ்சி சரியில்லை."

நான் மறுத்தும் என் கையில் பட்டையைச் சுற்றினார்கள். கருவி காட்டிய எண்ணைப் பார்த்து மருத்துவர் மறுபடியும் சுற்றச் சொன்னார். இரண்டாம் முறையும் குறையவில்லை. எனக்கு ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, நெடுநாளாகவே இருந்திருக்கும் என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்து, படுத்துக்கொண்டு போகட்டும் என்று என்னைக் காட்டிச் சொன்னார்.

வெயில் தாழ்ந்ததும் தெற்கு நோக்கிப் புறப்பட்டோம். கீழ்ப்படுக்கையில் நான் கிடந்தேன். அவள் தலையணையை முதுகுக்குக் கொடுத்து, திறந்த ஜன்னலோரப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். வண்டியின் கூரையைத் தவிர எனக்கு வேறெதுவும் தெரியவில்லை. சற்றைக்கொருமுறை அவள் வெளியே பார்த்ததைச் சொன்னாள்: ஓர் ஏரி, தண்ணீர் இல்லை. ஒரு கோயில் கோபுரம், புது வண்ணம். தேங்காய் ஏற்றிய லாரி. அவள் பேசும்போது மூச்சு இடறுகிறதா என்று செவியைக் கூர்மையாக்கினேன். பேச்சு நின்றால் ஏன் நின்றது என்று தலையைத் தூக்கினேன். ஒவ்வொரு முறையும் அவள் கை வந்து என் நெற்றியைத் தலையணையில் அழுத்தி வைத்தது.

"கண்ண மூடுங்க. நான் முழிச்சிட்டுதான் இருக்கறேன்."

நான் கண்ணை மூடவில்லை. கூரையைப் பார்த்தபடி, அவள் அடுத்து என்ன சொல்வாள் என்று காத்திருந்தேன்.